கட்டைச்சுவரில் ஒற்றைப் போசி

போன மாதம் ஏற்காட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. பந்தலுக்குள் வரிசையாக மேஜைகள், மேஜைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள், மேஜைக்கு முன்னால் சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துப் பிடித்த பிள்ளைகள். கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்று மத்தியானம் ஒரு பட்டிமன்றமும் வைத்திருந்தார்கள். வேலையை உண்டாக்குவது முதலாளியின் பணமா, அரசாங்கத்தின் திட்டமா, பிள்ளைகளின் படிப்பா என்பது தலைப்பு. மூன்று அணியும் மேஜையைக் குத்திக் குத்திப் பேசின. முதலாளி அணிக்காரர் குத்திய குத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு அரசாங்க அணியின் மடியில் விழுந்தது. கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

நடுவர் என்னைப் பார்த்துவிட்டார். "நம்ம கண்டக்டர் பாய் முன்னால உக்காந்திருக்காருங்க. இந்த மலையில பாதிப் பேர வேலைக்கு ஏத்திட்டுப் போனவரு அவருதான். ரெண்டு நிமிசம் பேசுங்க பாய்" என்று மைக்கை நீட்டினார்.

எழுந்து போய் நின்றேன். பந்தலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை மூடுபனி கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது எல்லாம் அந்தப் பனிக்குள்தான் இருந்தது. ஒரு சின்னப் பாலம், அதன் கட்டைச்சுவர், அதன்மேல் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு தூக்குப்போசி, மூடி போட்ட சோற்றுப் பாத்திரம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியவில்லை. "பாய் மௌனமாவே தீர்ப்பச் சொல்லிப்போட்டாருங்க" என்று நடுவர் மைக்கை வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஆனால் பஸ் நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் கண்டக்டர் பிள்ளைகள் என்னை விடவில்லை. "ஏனுங்க பாய், என்னங்க சொல்ல வந்தீங்க?" என்று இரண்டு நாள் கேட்டார்கள். வாயால் சொன்னால் மறுபடியும் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஏற்காடு கடைத்தெருவில் அத்தாவுக்குக் குடை, ஸ்வெட்டர், டார்ச் லைட் விற்கிற கடை. யாராவது வந்து குடை கேட்டால் நான் குடையை எடுக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இவன் முழிச்சிட்டே தூங்குறவன்" என்பார் அத்தா. கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, வியாபாரத்துக்கு ஆகாதவன் விசிலுக்காவது ஆகட்டும் என்று துஆ செய்து அனுப்பினார். பயிற்சியும் முதல் சில வருடங்களும் சேலம் டவுன் பஸ்ஸில் போயின. அங்கே நெரிசலில் கனவு காண இடமில்லை. பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கே வந்தேன். செம்மநத்தம் வழித்தடத்தில் போட்டார்கள்.

மலையில் எனக்கு மேலே இருந்தவர் டைம் கீப்பர் தணிகாசலம் சார். பஸ் நிலையத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை அவருடைய ராஜ்யம். அதற்கு முன்னால் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. திங்கட்கிழமை தோறும் அவரே குனிந்து அதைப் புதுப்பிப்பார். பஸ்ஸின் முன்சக்கரம் அந்தக் கோட்டைத் தொடுகிற நேரம்தான் வந்து சேர்ந்த நேரம். கண்டக்டர் சொல்வதோ டிரைவர் சொல்வதோ செல்லாது. மணிக்கட்டில் ஒரு கடிகாரம், சட்டைப்பையில் ஒரு கடிகாரம். இது சரியா என்று அதைப் பார்ப்பார், அது சரியா என்று இதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுவார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், ஆனால் எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பஸ் தாமதமாக வந்தால் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, காணாமல் போன உறவினரைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்பார்: "அந்த நாலு நிமிசம் எங்கிங்க போச்சு?" பனி என்று சொன்னால், "பனியில ரெண்டு நிமிசம் போயிருக்கும். மீதி ரெண்டு?" என்பார். அந்த மீதி இரண்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் வரை வெளியே விடமாட்டார். திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். என்னைப் போலக் கனவில் நிமிடங்களை விடுகிறவனுக்கு அவர் ஒரு சோதனை. ஆனாலும் அவரைப் போல என்னிடம் பொறுமையாக இருந்தவர் வேறு யாரும் இல்லை.

காலை முதல் நடை செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்கு. வழியில் பலாமரத்து நிறுத்தம். அங்கே ரோட்டோரம் ஊர் எதுவும் கிடையாது. ஒரு பலாமரம், மழைத்தண்ணீர் போக ஒரு சின்னப் பாலம், பாலத்துக்கு இடுப்புயரக் கட்டைச்சுவர், அவ்வளவுதான். குடியிருப்பு கீழே பள்ளத்தில் இருந்தது. பத்து நிமிடம் செங்குத்தாக ஏறி வரவேண்டும். இன்றைக்கும் அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் செல்போன் எடுக்கும்.

அங்கிருந்து வேலைக்குப் போகும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் முதலில் மேலே வருகிறாளோ அவள் பக்கத்து வீட்டுக்காரிகளின் தூக்குப்போசிகளையும் சேர்த்து எடுத்து வந்து சுவரின்மேல் வரிசையாக வைத்துவிடுவாள். மற்றவர்கள் மாட்டைப் பிடித்துக் கட்டி, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, வெறுங்கையோடு ஓடி வருவார்கள். களியும் கீரைக் கடைசலும் போட்ட போசியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஓட முடியாது. ஒவ்வொரு போசிக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒன்றின் மூடி நசுங்கியிருக்கும், ஒன்றில் பச்சைத் துணி சுற்றியிருக்கும். ராமாயி என்ற பெண்ணுடையதில் கைப்பிடியில் சிவப்புக் கயிறு.

பஸ் வளைவு திரும்பும்போதே நான் படியில் நின்று போசிகளை எண்ணுவேன். பத்துப் போசி என்றால் பத்துப் பேர். எட்டுப் பேர்தான் நிற்கிறார்கள் என்றால் இரண்டு பேர் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம் நிற்போம், வந்துவிடுவார்கள். இந்த வழித்தடத்துக்கு வந்து எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இது. இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

அந்த வருடம் ஏற்காட்டில் ஒரு பெரிய ஓட்டல் திறந்தார்கள். ரோடு முழுக்க 'ஆட்கள் தேவை' என்று தட்டி. பலாமரத்துப் பெண்கள் அதுவரை எஸ்டேட்டில் கூலிக்குப் போனவர்கள். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் கூலிக்கணக்கு எழுதும் ரைட்டர் கூப்பிட்டால் உண்டு. ஓட்டலில் அப்படி இல்லை, மழையோ வெயிலோ மாதம் முழுக்க வேலை. பதினோரு பேர் போய்ப் பேர் கொடுத்து, அறை சுத்தம் செய்யவும் துணி மடிக்கவும் சேர்ந்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். அதன் பிறகு படம் போட்ட அட்டை கொடுத்து நிரந்தரமாக்குவார்கள். எட்டு மணிக்குக் கேட் மூடிவிடும். அந்த மூன்று மாதத்தில் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நின்றாலோ, சொல்லாமல் ஒரு நாள் வராமல் போனாலோ அட்டை கிடையாது. பஸ்ஸே வராத நாள் மட்டும் கணக்கில் சேராது.

எங்கள் பஸ் சுண்ணாம்புக் கோட்டைத் தொட வேண்டிய நேரம் ஏழு ஐம்பது. அங்கிருந்து ஓட்டலுக்கு எட்டு நிமிட நடை. மூன்று மாதத்தில் மண் சரிந்து ஒரு நாளும், பனியில் ஒரு நாளும் பஸ் தாமதமாகி பதினோரு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். மீதி இருந்தது ஒரே ஒரு நாள். கடைசி வாரத்தில் அவர்கள் பஸ்ஸில் பேசவே மாட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ராமாயிக்கு இந்த வேலை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. புருஷன் கேரளாப் பக்கம் போனவன் போனவன்தான், வரவில்லை. ஒரு பெண் குழந்தை, படுத்த படுக்கையாய் மாமனார், ஒரு மாடு. பகலில் மாமனாரையும் குழந்தையையும் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். காலையில் பால் வண்டி வந்து பாலை ஊற்றிவிட்டுத்தான் ராமாயியால் மேட்டில் ஏற முடியும். அதனால் தினமும் அவள் போசி முதலில் வரும், அவள் கடைசியில் வருவாள். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வந்துட்டனுங்க பாய்" என்பாள். பஸ் அவளுக்காகத்தான் நின்றது என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு வார்த்தைதான் அவள் சொல்கிற நன்றி.

அட்டை கொடுப்பதற்கு நாலு நாள் முன்பு, பங்குனியில் முதல் மழை பெய்து காப்பி பூத்திருந்தது. மலை முழுக்க வெள்ளை. பனியும் வெள்ளை. எது பூ, எது பனி என்று தெரியாமல் பஸ் அந்த வாசனைக்குள் மிதந்து போனது. அப்படிப்பட்ட காலைகளில் பஸ் நிற்கிறது, மரங்கள்தான் நடந்து போகின்றன என்று எனக்குத் தோன்றும்.

பலாமரத்தில் பதினோரு போசி இருந்தது. பத்துப் பேர்தான் நின்றார்கள். பத்துப் பேரும் அவரவர் போசியை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். சிவப்புக் கயிறு மட்டும் சுவரில் இருந்தது. ஒரு நிமிடம் நின்றோம். இரண்டு நிமிடம். டிரைவர் பழனி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளே பத்துப் பேரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நின்றால் பத்துப் பேர் வேலை போகும். போனால் ஒருத்தி வேலை போகும். கணக்கு சுலபம்தான்.

மூன்றாவது நிமிடம் விசில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அந்தப் போசி தனியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கீழே குதித்து அதை எடுத்துக்கொண்டு பின்படியில் ஏறிவிட்டேன். அவளைத்தான் விட்டுவிட்டோம், அவள் சோற்றையுமா விடுவது என்று ஒரு நினைப்பு. அடுத்த வண்டியில் எப்படியாவது வந்து சேர்ந்தாள் என்றால் கையில் கொடுத்துவிடலாம். என் சீட்டுக்குக் கீழே காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். சூடு பாதத்தில் தெரிந்தது.

பலாமரத்திலிருந்து ரோடு ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போகும். ஒன்பது நிமிடம் ஓடி, நேர் எதிரில் ஒரு வளைவுக்கு வந்து சேரும். அந்த வளைவில் பழனி அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். பத்துப் பெண்களும் இடப்பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை அங்கே ரோட்டில் வந்து ஏறியது. யாரும் இல்லை.

"எங்கிங்க காணோம்? இந்நேரம் ஓடி வந்திருப்பாளே" என்றாள் மூத்தவளான சின்னத்தாயி. பிறகு திரும்பியவள் என் காலடியைப் பார்த்தாள். முகம் மாறிப்போனது. "ஏனுங்க பாய், அவ போசிய எதுக்குங்க எடுத்தீங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சுவரில் ஒற்றைப் போசி இருந்தால் பஸ் இப்போதுதான் போனது, குறுக்கே ஓடு என்று அர்த்தம். எஸ்டேட் வழியாகக் குறுக்குப் பாதையில் ஓடினால் ஏழு நிமிடத்தில் இந்த வளைவுக்கு வந்துவிடலாம். அதனால்தான் ஏறுகிறவள் தன் போசியைத் தவிர இன்னொருத்தியினுடையதைத் தொடமாட்டாள். அது பாசமில்லாமல் அல்ல, வழி சொல்வதற்காக. சுவர் காலியாக இருந்தாலோ, இன்றைக்கு பஸ்ஸே வரவில்லை, எல்லாரும் போசியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். பழனி அண்ணன் வருடக்கணக்காக வளைவில் மெதுவாக்குவது இதற்குத்தான். தெரியாதவன் நான் ஒருவன். தெரிந்தவர்கள் எல்லாரும் முன்பக்கம் இருந்தார்கள்.

"திருப்ப முடியுமாண்ணே?" என்று கேட்டேன். அந்த ரோட்டில் மாட்டுவண்டியைக்கூடத் திருப்ப முடியாது என்று எனக்கே தெரியும். பழனி அண்ணன் பின்னால் ரோட்டை ஒருமுறை பார்த்தார். ஒரு நிமிடம் நிறுத்தினார், பிறகு எடுத்தார். நான் அங்கே டிக்கெட் பையோடு நின்றுகொண்டு அழுதேன். ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸில் கண்டக்டர் அழுதால் யாரும் பார்க்காதது போலத்தான் இருப்பார்கள். அப்படி இருந்தார்கள்.

அன்றைக்குப் பனியில் வண்டி ஊர்ந்ததால், வழியில் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் நாங்கள் நிற்கவில்லை. முன்சக்கரம் சரியாக ஏழு ஐம்பதுக்குக் கோட்டைத் தொட்டது. பத்துப் பேரும் இறங்கி ஓடினார்கள். தணிகாசலம் சார் இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நொம்பச் சரியா வந்திருக்கீங்க. சந்தோசமுங்க" என்று நோட்டில் எழுதினார். திட்டாத மனுஷர் பாராட்டினால் எவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நடைக்கு முக்கால் மணி இருந்தது. போசியோடு ஓட்டலுக்குப் போனேன். மேலாளர் ஓர் இளைஞர், சமவெளிக்காரர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. வேலைய நாங்க உண்டாக்கிட்டோம். வந்து சேர்றது அவங்க பொறுப்பு. ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேர் உங்கள மாதிரி ஆளக் கூட்டிட்டு வருவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

நாள் முழுக்க அந்தப் போசி என்னோடு நாலு நடை பிரயாணம் செய்தது. சாயங்கால நடையில் பலாமரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இறங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியும் அவளைத் தொட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்கள். நான் போசியை நீட்டினேன்.

"நாந்தானுங்க எடுத்தேன்" என்றேன்.

அவள் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தாள். "கெட்டுப் போச்சுங்களே பாய். மத்தியானமே நீங்க சாப்பிட்டிருக்கலாமுங்க" என்றாள். பிறகு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு, "பால் வண்டி இன்னிக்கு லேட்டுங்க. மேல வந்து பாத்தா செவுத்துல ஒண்ணுமில்ல. சரி, பஸ்ஸே வல்லைன்னு ஊட்டுக்குப் போயிப் படுத்துட்டனுங்க. மூணு மாசத்துல இன்னிக்குத்தானுங்க நல்லாத் தூங்கினேன். கனவெல்லாம் வந்துச்சு" என்றாள்.

என்ன கனவு என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் எஸ்டேட்டில் களை எடுக்கப் போனாள். சில நாள் எங்கள் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வருவாள். போசியைச் சுவரில் வைக்கவே மாட்டாள், மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பாள். என்மேல் கோபமா என்றால் இல்லை. சுவரை அவள் நம்பவில்லை. அதைக் கெடுத்தவன் நான்.

தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு எத்தன நிமிசமுங்க பத்தல?" எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கணுமுங்களே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய விடுமுறை நாள், விடியும் முன்பே மப்ளர் சுற்றிக்கொண்டு பலாமரத்துக்கு வந்து நின்றார். நானும் கூடப் போனேன். பள்ளத்தில் இறங்கினார். பால் வண்டி வருகிற நேரத்தை எழுதினார். ராமாயியைப் பார்த்து, "அம்மணி, நீங்க தெனமும் எப்பிடி வருவீங்களோ அப்பிடியே ஏறுங்க, எனக்காக வேகமா வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, அறுபதை நெருங்கிய மனுஷர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க அவள் பின்னால் ஏறினார். மூன்று ஞாயிறு இப்படி ஏறினார். பால் வண்டி சுணங்குகிற நாட்களில் அவளுக்கு ஆறு நிமிடம் பற்றாது என்று வந்தது.

பஸ்ஸைச் சீக்கிரம் விட்டால் அவளுக்கு ஆகாது. தாமதமாக விட்டால் ஏற்காட்டில் கேட் மூடிவிடும். நான் முடியாது என்று நினைத்தேன். அவர் ஒருநாள் காலை எங்கள் பஸ்ஸில் பயணியாக ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே நானும் பழனி அண்ணனும் இறங்கி டீ குடிப்பது வழக்கம். அன்றைக்கும் இறங்கினோம். அவரும் இறங்கினார், டீ வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏழு நிமிசம் இங்கதானுங்க இருக்குது."

எனக்குக் காது சுட்டது. மூன்று மாதமாக அவளுடைய வேலையை நான் தினமும் தம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறேன்.

டீயை செம்மநத்தத்திலேயே கிளம்பும் முன் குடித்துக்கொள்வது என்று ஆனது. பலாமரத்து நேரம் ஏழு நிமிடம் தள்ளிப்போனது. ஏற்காட்டு நேரம் அப்படியே இருந்தது. மேலே எழுதிப்போட்டு உத்தரவு வர மழைக்காலம் முடிந்துவிட்டது. கொஞ்ச நாளில் சுவரில் பதினாறு போசி. புதிதாக எவனும் ஒரு கம்பெனியும் திறக்கவில்லை, தட்டி கட்டவில்லை. பால் ஊற்றுகிற வீட்டுக்காரிகள் ஆறு பேர் முன்பு வரமுடியாதவர்கள், இப்போது வந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பஸ் நிற்காததால் அந்த டீக்கடை படுத்துவிட்டது. கடைக்காரர் முனுசாமி ஒருநாள் ரோட்டில் பஸ்ஸை மறித்து, "அவுங்க பொழப்பு பொழப்பு, என்ர பொழப்பு என்னங்க பாய்?" என்று கேட்டார். பிறகு எஸ்டேட்டில் வாட்ச்மேனாகப் போனார். கடைசி வரை என்னோடு பேசவில்லை. பட்டிமன்றத்து மூன்று அணியிலும் முனுசாமிக்காக யாரும் மேஜையைக் குத்தவில்லை.

தை மாதம் ஒரு பள்ளி விடுதிச் சமையலறையில் ஆள் கேட்டார்கள். எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ராமாயி அன்று மத்தியான நடையில் ஏறி, மற்றவர்கள் இறங்கும் வரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க பாய், அந்த ஏழு நிமிசம் இனி அப்பிடியேதானுங்களா இருக்கும்? மாத்திப்போட மாட்டீங்களே?"

"நான் இருக்கற வரைக்கும் மாறாதுங்க" என்றேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனாலும் சொன்னேன். அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகும் அவள் போசியைச் சுவரில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். "வந்துட்டனுங்க" என்ற அந்த வார்த்தையும் நின்றுபோயிருந்தது. ஒரு வருடம் அப்படியே போனது. மறுபடி காப்பி பூத்தது, பழுத்தது, உதிர்ந்தது. தணிகாசலம் சார் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போது சட்டைப்பைக் கடிகாரத்தை அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டு, "கையில கட்டியிருக்கறத மட்டும் நம்பாதீங்க" என்றார்.

பிறகு ஒரு பங்குனிக் காலை. மறுபடியும் அதே வெள்ளை. படியில் நின்று எண்ணினேன். பதினேழு போசி. பதினாறுதான் இருக்க வேண்டும் என்று மறுபடி எண்ணினேன். வரிசைக் கடைசியில் சிவப்புக் கயிறு.

பதினாறு பேர் அவரவர் போசியை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். சின்னத்தாயி ஏறும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரு நிமிடம் நின்றோம். இரண்டு. மேட்டில் காலடிச் சத்தம் இல்லை. சுவரில் அந்தப் போசி ஈரத்தில் நனைந்துகொண்டு தனியாக நின்றது. அதை எடுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கை பரபரத்த பரபரப்பு இப்போதும் நினைவிருக்கிறது. எடுக்கவில்லை. விசில் கொடுத்தேன்.

பஸ் பள்ளத்தாக்கைச் சுற்றியது. ஒன்பது நிமிடம் நான் யாருக்கும் டிக்கெட் போடவில்லை. வளைவில் பழனி அண்ணன் மெதுவாக்கினார். ஜன்னல் பக்கம் எல்லாரும் சாய்ந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் பனி மட்டும் இருந்தது. நான் கீழே இறங்கி ரோட்டில் நின்றேன். காப்பிப் பூ வாசனை மூச்சு முட்டியது. யா அல்லா, யா அல்லா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் போசிதான் வந்தது. செடிகளில் இடிக்காமல் இருக்கத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த போசி, பனிக்குள் தானாக மிதந்து வருவது போல. அதற்குக் கீழே பிறகுதான் அவள் தெரிந்தாள். தலையெல்லாம் வெள்ளைப் பூ. மூச்சிரைக்க ஓடி வந்து, கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"வந்துட்டனுங்க பாய்" என்றாள். நான் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

"ஏறுங்க பாய், வேலைக்கு நேரமாச்சு" என்றாள் ராமாயி.